தோளுக்கு ஏற்ற ஸ்வெட்டர்: பேட்டர்னை உங்கள் உடலுக்கு மாற்றிப் பின்னும் முறை

பின்னி முடித்த ஸ்வெட்டர் பொருந்தாமல் போனால் பெரும்பாலும் குறை பின்னலில் இருக்காது. கண்ணிகள் சீராக விழுந்திருக்கும், கயிறு போன்ற கேபிள் கோலம் அழகாக முறுக்கியிருக்கும். ஆனால் தோள் கையின் மேல் வழியும், முன்பக்க விளிம்பு வயிற்றுக்கு மேல் தூக்கி நிற்கும், மேற்கை இறுக்கிப் பிடிக்கும். அப்போது பலரும் அடுத்த பெரிய அளவைப் பின்னத் தொடங்குகிறார்கள். பெரிய அளவில் மார்பு மட்டுமா பெரிதாகிறது? கழுத்தும் தோளும் அக்குள் ஆழமும் சேர்ந்தே பெரிதாகின்றன. மார்பில் இருந்த பிடிப்பு போய், தோளில் புதுத் தொய்வு வந்து சேரும்.

தோளுக்கு எந்த அளவு பொருந்துமோ அதைத் தேர்ந்தெடுங்கள். வேறெங்கே இடம் போதவில்லையோ அங்கே மட்டும் கூட்டுங்கள். தோளைப் பின்னி முடித்த பிறகு திருத்துவது ஏறக்குறைய முடியாது. மார்பு, கை, வயிறு, நீளம் எல்லாவற்றையும் கண்ணிக் கணக்கிலேயே மாற்றிவிடலாம்.

கீழே உள்ள கணக்குகள் எல்லாம் ஒரே எடுத்துக்காட்டை ஒட்டியவை: கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் ராக்லன் ஸ்வெட்டர் (கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வுக் கோடுகளில் கண்ணி கூட்டி, உடலையும் கைகளையும் சேர்த்தே பின்னுவது), டிகே எனப்படும் நடுத்தரக் கனமுள்ள நூல், 4 மி.மீ. வட்ட ஊசி, 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை. உங்கள் கேஜ் (10 செ.மீ.யில் வரும் கண்ணி, வரிசை எண்ணிக்கை) வேறாக இருந்தால் எண்கள் மாறும். முறை மாறாது.

ஊசி எண்ணில் ஏமாறாதீர்கள்

இந்தியாவில் விற்கும் ஊசிகளிலும் நம் வீடுகளில் இருக்கும் பழைய ஊசிகளிலும் பிரிட்டிஷ் எண் இருக்கும். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 12 என்றால் 2.75 மி.மீ. அமெரிக்க எண் இதற்கு நேர் எதிர். அங்கே 6 என்பது 4 மி.மீ., 8 என்பது 5 மி.மீ. அமெரிக்கப் பேட்டர்னில் (பின்னும் முறையைச் சொல்லும் குறிப்பில்) 8 என்று போட்டிருப்பதைப் பார்த்து நம் 8-ஆம் எண் ஊசியை எடுத்தால் முழு 1 மி.மீ. குறைகிறது. ஸ்வெட்டர் மிகச் சிறிதாகவும் பலகைபோல் விறைப்பாகவும் வரும். எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். ஊசியில் எழுத்து அழிந்திருந்தால் ஊசி அளவு பார்க்கும் துளை அட்டையில் நுழைத்துப் பாருங்கள்.

மாதிரித் துண்டு

நான்கு விரல் அகலத் துண்டு போதாது. குறைந்தது 15 செ.மீ. சதுரம் பின்னுங்கள். ஓரக் கண்ணிகள் எப்போதும் இழுபட்டிருக்கும் என்பதால் நடுவிலுள்ள 10 செ.மீ.யை மட்டும் அளக்க வேண்டும். அளப்பதற்கு முன் ஸ்வெட்டரை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துண்டையும் துவைத்து, இழுக்காமல் தட்டையாகக் காயவிடுங்கள். சூப்பர்வாஷ் கம்பளி (இயந்திரத்தில் துவைக்கப் பதப்படுத்தியது) நனைந்ததும் தளர்ந்து நீளும். பருத்தி தன் எடையாலேயே தொங்கும். பருத்தி அல்லது கனமான நூல் என்றால், காய்ந்த துண்டைத் துணிக் கிளிப்பால் ஓர் இரவு தொங்கவிட்டு அளந்தால்தான் உண்மையான வரிசைக் கணக்கு தெரியும். அக்ரிலிக் துவைத்தாலும் பெரிதாக மாறாது. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் அதன் துள்ளல் போய் நிரந்தரமாகத் துவண்டுவிடும்.

ஸ்வெட்டர் வட்டமாகப் பின்னுவது என்றால் துண்டையும் வட்டமாகவே பின்னுங்கள். பலருக்கு பர்ல் (மறுபக்கக் கண்ணி) வரிசை நிட் (நேர்க் கண்ணி) வரிசையைவிடத் தளர்வாக வரும். திருப்பித் திருப்பிப் பின்னிய துண்டில் பர்ல் பாதி கலந்திருக்கும், வட்டமாகப் பின்னும் ஸ்டாக்கினெட்டில் (வெளிப்பக்கம் முழுவதும் நிட் தெரியும் சாதாரணப் பின்னலில்) பர்லே கிடையாது. உலோக ஊசி, மூங்கில் ஊசி என்று மாற்றினாலும் இறுக்கம் மாறும். எந்த ஊசியில் துண்டோ அதே ஊசியில் ஸ்வெட்டர்.

அரைக் கண்ணியை விட்டுவிடாதீர்கள். உடல் பகுதிக்கு 232 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். 22 கேஜில் அது 105 செ.மீ. சுற்றளவு. உங்களுக்கு 20 கண்ணிதான் வருகிறது என்றால் அதே 232 கண்ணி 116 செ.மீ. ஆகிவிடும். 10 செ.மீ.யில் இரண்டு கண்ணி வித்தியாசம் உடல் சுற்றளவில் 11 செ.மீ.யாக வளர்கிறது.

கேஜ் பொருந்தாவிட்டால் முதலில் ஊசியை 0.25 அல்லது 0.5 மி.மீ. மாற்றிப் பாருங்கள். அதில் துணி விறைத்தாலோ வலைபோல் ஆனாலோ பேட்டர்னின் கேஜைத் துரத்த வேண்டாம். 20 கண்ணியில் வரும் துணி உங்களுக்குப் பிடித்திருந்தால் வேண்டிய சுற்றளவை உங்கள் கேஜால் பெருக்குங்கள்: 106 செ.மீ. × 2 = 212 கண்ணி. பேட்டர்னில் எந்த அளவு 212-க்கு நெருங்கிய கண்ணி எண்ணிக்கை தருகிறதோ அந்த அளவின் கண்ணிகளைப் பின்பற்றுங்கள். நீளங்களை மட்டும் உங்கள் சொந்த அளவுக்கான செ.மீ.யிலிருந்து எடுங்கள்.

எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது

தையற்காரரிடம் அளவு ரவிக்கை கொடுப்பதைப் போல, இங்கேயும் நன்றாகப் பொருந்தும் ஒரு ஸ்வெட்டரையோ தடித்த டி-சர்ட்டையோ தரையில் விரித்து அளப்பதுதான் நம்பகமான தொடக்கம். அக்குளுக்குக் கீழே அகலம், தோளிலிருந்து விளிம்பு வரை நீளம், மேற்கை அகலம், அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை கை நீளம் ஆகிய நான்கையும் எழுதி, பேட்டர்னின் அளவுப் படத்தோடு ஒப்பிடுங்கள். அந்தப் படத்தில் பெரும்பாலும் இருப்பது முடிந்த ஆடையின் அளவு, உடலின் அளவு அல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தளர்வு. உள்ளே சட்டை போட்டு அணியும் சாதாரண ஸ்வெட்டருக்கு மார்பில் 5 முதல் 10 செ.மீ. தளர்வு வசதியாக இருக்கும். நூல் தடிக்கத் தடிக்கத் தளர்வும் கூட வேண்டும், தடித்த துணி உள்ளேயும் இடத்தைத் தின்னும்.

பெண்களுக்கு இரண்டு மார்பளவு தேவை. ஒன்று முழு மார்பு. மற்றது மேல்மார்பு: டேப்பை இரு அக்குள்களுக்கும் அடியில் உயர்த்திப் பிடித்து, மார்பகத்துக்கு மேலாகச் சுற்றி அளப்பது. மேல்மார்பு எலும்புக்கூட்டின் அளவு, தோளோடு ஒட்டிப் போவது. இரண்டுக்கும் வித்தியாசம் 5 செ.மீ. அளவில் இருந்தால் பேட்டர்னை அப்படியே பின்னலாம். அதற்கு மேல் போனால் மேல்மார்போடு 5 செ.மீ. கூட்டி, வரும் எண்ணையே உங்கள் மார்பளவாகக் கருதி அளவைத் தேர்ந்தெடுங்கள்.

எடுத்துக்காட்டு: மேல்மார்பு 94, முழு மார்பு 106. முழு மார்பை நம்பினால் 106-க்கான அளவு, தோளில் நிச்சயம் தொங்கும். 94 + 5 = 99, ஆகவே 100-க்கான அளவை எடுங்கள். பேட்டர்ன் 6 செ.மீ. தளர்வு வைத்திருந்தால் முடிந்த சுற்றளவு 106, அதாவது மார்பில் தளர்வே இல்லை. அதை முன்பக்கத்தில் மட்டும் சேர்ப்போம்.

மார்புக்கு இடம்: அகலமும் நீளமும்

அகலம் எளிது. 4 செ.மீ. வேண்டும்: 4 × 2.2 = 8.8, எட்டுக் கண்ணி. ராக்லனின் கடைசிப் பகுதியில் முன்பக்கத்தின் இரு ராக்லன் கோடுகளில் மட்டும் நான்கு கூடுதல் கூட்டல் சுற்றுகள் சேருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ணி ஏறும். உடல் 232 என்றால் பின்பக்கம் 116, முன்பக்கம் 124. மார்பைத் தாண்டியதும் முன்பக்கப் பக்கவாட்டுகளில் ஆறு சுற்றுக்கு ஒருமுறை குறைத்து அந்த எட்டையும் எடுத்துவிடலாம். வயிறும் இடம் கேட்டால் எடுக்க வேண்டாம்.

பலர் மறப்பது நீளத்தை. மார்பின் மேடு முன்பக்கத் துணியை மேலே இழுப்பதால்தான் முன் விளிம்பு தூக்கி நிற்கிறது. கழுத்தை ஒட்டிய தோள் புள்ளியிலிருந்து மார்பின் மேலாக இடை வரை அளங்கள். அதே புள்ளியிலிருந்து முதுகு வழியாகவும் இடை வரை அளங்கள். முன்பக்கம் 46, பின்பக்கம் 42 என்றால் வித்தியாசம் 4 செ.மீ. 10 செ.மீ.க்கு 30 வரிசை, ஆகவே 4 செ.மீ.க்கு 12 வரிசை. இந்த 12 வரிசையும் முன்பக்க நடுவில் மட்டும் இருக்க வேண்டும், பக்கவாட்டில் இருக்கக் கூடாது. இதற்குத்தான் ஷார்ட் ரோ: வரிசையை முடிக்காமல் பாதியிலேயே திருப்பிப் பின்னுவது.

12 வரிசை என்றால் இரு பக்கமும் ஆறாறு திருப்பங்கள். எங்கே திருப்புவது? மார்பின் இரு முனைகளுக்கும் இடையே 20 செ.மீ. இருந்தால் அது 44 கண்ணி. முன்பக்கம் 124. ஒவ்வொரு முனைக்கும் பக்கவாட்டுக்கும் இடையே (124 − 44) ÷ 2 = 40 கண்ணி. பக்கவாட்டை ஒட்டி 6 கண்ணி விட்டு முதல் திருப்பம், பிறகு ஐந்து ஐந்தாக உள்ளே வாருங்கள்: 6, 11, 16, 21, 26, 31. கடைசித் திருப்பத்துக்கும் முனைக்கும் இடையே 9 கண்ணி, ஏறக்குறைய 4 செ.மீ. மிஞ்சுகிறது. முனைவரை திருப்பங்களைக் கொண்டுபோனால் அங்கே கூம்பு போலத் துருத்தும், அதனால்தான் இந்த இடைவெளி.

சுற்றின் தொடக்க மார்க்கரை (அடையாள வளையத்தை) முன்பக்கத்தின் தொடக்கத்தில் வையுங்கள். ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்து, மார்பின் முனைக்கு 2 அல்லது 3 செ.மீ. கீழே வந்ததும் தொடங்குங்கள். முன்பக்கத்தின் முடிவுக்கு 6 கண்ணி இருக்கும்போது நிறுத்தித் திருப்புங்கள். நூலை முன்னால் கொண்டுவந்து, முதல் கண்ணியைப் பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றி, நூலை ஊசியின் மேலாகப் பின்னுக்கு இழுங்கள். கண்ணி இரண்டு கால்களோடு நிற்கும். நூலை மீண்டும் முன்னால் எடுத்து, மறுபக்கம் 6 கண்ணி மிஞ்சும்வரை பர்ல் பின்னித் திருப்புங்கள், அங்கேயும் இதே இழுப்பு. ஆறு இணைகளும் முடிந்தபின் வழக்கம்போல் சுற்றிப் பின்னுங்கள். இரண்டு கால் கண்ணி வரும் இடத்தில் இரு கால்களையும் ஒரே கண்ணியாகச் சேர்த்துப் பின்னிவிட வேண்டும். நூலை இறுக்கமாக இழுக்காவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓட்டை தெரியும்.

கேபிள் அல்லது வண்ணக் கோலம் முன்பக்க நடுவில் ஓடினால் இந்த 12 வரிசை கோலத்தைப் பின்பக்கத்திலிருந்து விலக்கிவிடும். அப்படிப்பட்ட பேட்டர்னில் அகலத்தை மட்டும் கூட்டுவதே நல்லது. வயிறு முன்னால் இருப்பவர்களுக்கு, ஆண்களுக்கும்கூட, இதே ஷார்ட் ரோ முறையை வயிற்றின் உயரத்தில் செய்யலாம்.

வரிசை கேஜ் சொல்லாமல் செய்யும் கெடுதல்

கண்ணி கேஜ் சரியாக வந்துவிட்டது, வரிசை கேஜைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று பலரும் சொல்வார்கள். உடலின் நீளத்துக்கு அது உண்மை, இஞ்ச் டேப் வைத்துப் பின்னிக்கொள்ளலாம். ராக்லனுக்கு அது பொருந்தாது. ராக்லனில் ஆழத்தைத் தீர்மானிப்பதே வரிசை எண்ணிக்கைதான்.

பேட்டர்ன் 33 கூட்டல்களை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றாக, 66 சுற்றில் தருகிறது. 30 கேஜில் இது 22 செ.மீ. உங்களுக்கு 27 வரிசைதான் வந்தால் 24.4 செ.மீ. ஆகும். அக்குள் இறங்கிவிடும், கையைத் தூக்கினால் ஸ்வெட்டர் முழுவதும் கூட எழும். 22 செ.மீ. வேண்டுமென்றால் 22 × 2.7 = 59.4, அதாவது 60 சுற்று. 33 கூட்டலை 60 சுற்றில் அடக்க, 27 கூட்டலை ஒன்றுவிட்ட சுற்றிலும் (54 சுற்று), 6 கூட்டலைத் தொடர்ச்சியான சுற்றுகளிலும் (6 சுற்று) செய்யுங்கள். தொடர்ச்சியானவற்றைக் கழுத்தருகே வைத்தால் தோளின் சரிவுக்கு ஒத்துப்போகும்.

மேற்கை

கையைத் தொங்கவிட்டு, மேற்கையின் தடித்த இடத்தை அளங்கள். அதோடு 4 அல்லது 5 செ.மீ. சேருங்கள். 34 + 4 = 38 செ.மீ., கண்ணியில் 38 × 2.2 = 83.6, அதாவது 84. பேட்டர்ன் 74 தருகிறது என்றால் பத்துக் கண்ணி குறைகிறது.

அக்குளில் பத்துக் கண்ணி கூடுதலாக ஏற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அக்குள் கண்ணிகள் கைக்கும் உடலுக்கும் பொது என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு பக்கமும் பத்து என்றால் உடல் 20 கண்ணி, 9 செ.மீ. பெருத்துவிடும். சரியான வழி, கைக்கு மட்டும் ஐந்து கூடுதல் கூட்டல் சுற்றுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கைக்கு இரண்டு கண்ணி ஏறும். கூட்டல் இல்லாத சாதாரணச் சுற்றுகளில் இவற்றைச் செருகுங்கள், ராக்லனின் கீழ்ப்பாதியில் பரவலாக. தோளருகே நெருக்கினால் கைமேல் வீங்கிய தோற்றம் வரும்.

அக்குளில் கண்ணி எடுக்கும்போது இரு ஓரங்களிலும் ஓர் ஓட்டை தெரியும். அங்கே ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துக் குறைத்துவிட்டால் அடைந்துவிடும்.

இனி கையின் குறைப்பு. மேலே 84, மணிக்கட்டில் 20 செ.மீ. வேண்டும், அதாவது 44 கண்ணி. 40 கண்ணி குறைய வேண்டும், சுற்றுக்கு இரண்டு வீதம் 20 குறைப்பு. அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை 43 செ.மீ. அதில் ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் விளிம்பு) 6, மேலே குறைப்பில்லாத பகுதி 5. மீதி 32 செ.மீ. × 3 = 96 சுற்று. 96 ÷ 20 = 4.8, முழு எண் இல்லை. ஆகவே ஐந்து சுற்றுக்கு ஒருமுறை 16 தடவை (80 சுற்று), நான்கு சுற்றுக்கு ஒருமுறை 4 தடவை (16 சுற்று). கூட்டினால் 96. முன்கை தடித்தவர்கள் ஐந்து சுற்று இடைவெளியை முதலில் வையுங்கள், முழங்கைக்குக் கீழே இடம் கிடைக்கும்.

ஒரு கையைப் பின்னி முடித்ததும் சுற்று எண்களைத் தாளில் குறித்துவிட வேண்டும். இரண்டாவது கையை நினைவிலிருந்து பின்னினால் நீளம் மாறும்.

கழுத்து

முன்னும் பின்னும் ஒரே உயரமுள்ள கழுத்து தொண்டையில் ஏறி உறுத்தும், பின்கழுத்தில் குளிர் நுழையும். கழுத்து ரிப்பை முடித்தவுடன் பின்பக்கத்திலும் தோள்களிலும் மட்டும் 6 அல்லது 8 ஷார்ட் ரோ வரிசைகள் சேர்த்தால் பின்கழுத்து 2 முதல் 2.7 செ.மீ. உயரும். பேட்டர்னில் இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள், பலன் முதல் தடவை அணியும்போதே தெரியும்.

பெரியவர்களின் தலைச் சுற்றளவு 56 செ.மீ. அளவில் இருக்கும். கழுத்தில் கண்ணி ஏற்றும்போது தளர்வாக ஏற்றுங்கள், முடித்தபின் இழுத்துப் பார்த்து 60 செ.மீ. வருகிறதா என்று அளங்கள். முன்திறப்புள்ள கார்டிகனில் பொத்தான் பட்டிக்கு ஓரத்திலிருந்து கண்ணி எடுக்கும்போது நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி. 22-க்கும் 30-க்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய முக்கால் என்பதே காரணம். நான்கிற்கு நான்கு எடுத்தால் பட்டி அலையலையாக நெளியும், இரண்டுக்கு ஒன்று எடுத்தால் முன்பக்கம் சுருங்கி மேலே ஏறும்.

நீளம், விளிம்பு, நூல்

மேலிருந்து பின்னுவதன் பெரிய வசதி இங்கேதான். கண்ணிகளை நீளமான வேறு நூலுக்கு மாற்றி, அணிந்து பார்த்து, வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். தொய்வு வரும் நூலானால் 2 செ.மீ. முன்னதாகவே நிறுத்துங்கள். கீழிருந்து பின்னும் பேட்டர்னில் நீளத்தை விளிம்புக்கும் அக்குளுக்கும் இடையிலான நேர்ப்பகுதியில்தான் மாற்ற வேண்டும். கேபிள் இருந்தால் ஒரு முழுத் திரும்பல் வீதம் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள்.

விளிம்பு ரிப்புக்கு இரண்டு அளவு மெல்லிய ஊசி, நம் எடுத்துக்காட்டில் 3.25 மி.மீ. இரண்டு நிட் இரண்டு பர்ல் என்றால் கண்ணி எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், இல்லையேல் சுற்றின் முடிவில் கோலம் உடையும். இடுப்பு அகன்றவர்கள் ஊசியை மாற்றாமல் அதே 4 மி.மீ.யில் ரிப் பின்னலாம், இடுப்பில் பிடிக்காது.

அளவுகளை மாற்றினால் பேட்டர்ன் சொல்லும் நூல் போதாமல் போகலாம். மாதிரித் துண்டை நிறுத்துப் பாருங்கள். 15 × 15 செ.மீ. துண்டு 9 கிராம் என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 0.04 கிராம். உடல் முன்பின் சேர்த்து 6,300, கைகள் 2,600, மொத்தம் 8,900 சதுர செ.மீ., அதாவது 356 கிராம். ரிப்புக்கும் கழுத்துக்கும் 15 சதவீதம் சேர்த்தால் 410 கிராம். 50 கிராம் உருண்டைகளாக ஒன்பது வாங்குங்கள், எல்லாவற்றிலும் ஒரே சாயத் தொகுதி எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வேறு தொகுதி என்றால் கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த நிறம் வெயிலில் பட்டையாகப் பிரிந்து தெரியும். வேறு வழியில்லை என்றால் இரு தொகுதிகளையும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னுங்கள்.

பின்னும்போது சரிபார்ப்பது

மாதிரித் துண்டைக் கவனமாகப் பின்னும் கை, நீண்ட சுற்றுகளில் பழகித் தளர்ந்துவிடும். உடல் பகுதியில் 10 செ.மீ. வந்ததும் ஊசியிலிருந்து தள்ளி, தட்டையாக வைத்து மீண்டும் கேஜை அளங்கள். ராக்லனை உடல், கைகள் என்று பிரிக்கும் சுற்றிலும் ஷார்ட் ரோ தொடங்கும் சுற்றிலும் மெல்லிய பருத்தி நூலைத் தையல் ஊசியால் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி விட்டுவிடுங்கள். கணக்குத் தவறினால் அதுவரை உருவிக்கொள்ளலாம், கண்ணி நழுவாது.

முடித்த ஸ்வெட்டரைக் குளிர்ந்த நீரில் 20 முதல் 30 நிமிடம் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். தட்டையான இடத்தில் விரித்து, குறித்துவைத்த அளவுகளுக்கு டேப் வைத்து நீவி, நிழலில் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடை தோளை இழுத்து நீட்டிவிடும். காய்ந்தபின் மீண்டும் நான்கு அளவுகளையும் எடுத்து, மாற்றிய கண்ணி எண்களோடு பேட்டர்ன் தாளிலேயே எழுதிவையுங்கள். அடுத்த ஸ்வெட்டருக்கு அதிலிருந்து தொடங்கலாம்.